சுமைதாங்கித் துண்டு

பை சூடாக இருந்தது.

மார்கழிப் பனி தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த, இன்னும் விடியாத நேரம். கட்டிலோரம் சாய்ந்திருந்த முதுகுப்பையை எடுத்து மாட்டிக்கொண்ட வெற்றிச்செல்விக்கு முதலில் உறைத்தது அந்தச் சூடுதான். உள்ளே இருப்பது கருங்கல். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த கல், முதுகில் பட்டால் சில்லென்று இழுத்துப் பிடிக்க வேண்டும். நேற்றுக் காலைவரை அப்படித்தான் பிடித்தது. இன்றைக்கோ, யாரோ அப்போதுதான் எழுந்துபோன பாயில் கையை வைத்ததுபோல் ஓர் ஆள்சூடு, பைத்துணியைத் தாண்டி, அவள் போட்டிருந்த பனியனைத் தாண்டி, முதுகுத்தண்டுவரை வந்து சேர்ந்தது.

கனமும் சரியில்லை. கூடியிருக்கிறதா என்றால் அவளால் சொல்ல முடியாது. கல்லின் கனம் வைத்த இடத்தில் நிற்கும். இது அவள் குனிந்து ஷூவின் கயிற்றை முடிந்தபோது கூடவே குனியாமல், கொஞ்சம் தாமதித்து, அப்புறம் மெல்ல மேலேறி வந்து அவள் கழுத்துக்குக் கீழே அடங்கியது. தூங்குகிற பிள்ளையின் தலை தோளில் சாய்வதுபோல.

துணியைச் சரியாகச் சுற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் பிளஸ் டூ படிக்கிறாள். வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில், எந்த வாசலில் நின்று பார்த்தாலும் பச்சைமலை கண்ணில் விழுகிற ஊர். பள்ளிக்கூடத்து என்.சி.சி.யிலிருந்து இமயமலை நடைபயணத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தமிழழகன் சார் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. திருச்சியைத் தாண்டி அவள் போனதே கிடையாது. பனி என்றால் அவளுக்கு மார்கழி மாதத்துப் புகைதான். அது மலைமலையாய்க் குவிந்து காலுக்கடியில் நொறுங்குமாமே, அதில் ஒருதரம் நடந்துவிட வேண்டும்.

"முதுவுல கனத்தோட நடந்து பழகுங்க," என்றார் சார். "தண்ணி பாட்டில் வைக்காதீங்க, குலுங்கும். உள்ள இருக்கறது ஆடவே கூடாது. உப்புமூட்டை ஏறுன புள்ளையாட்டம் முதுவோட ஒட்டிக் கெடக்கணும்."

மற்ற பிள்ளைகள் மணலையும் அரிசியையும் கட்டிக்கொண்டார்கள். செல்விக்குக் கிடைத்தது கல். ரோட்டை அகலமாக்க வந்த ஜேசிபி, ஊர் வளைவில் நின்ற சுமைதாங்கியைப் பெயர்த்துப் போட்டிருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்களே, அதுதான். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்த காலத்தில், இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் இன்னொருத்தர் கையை எதிர்பார்க்காமல் தோளுயரத்தில் சுமையை வைத்து இளைப்பாற நட்ட கல். வைத்தவரே வந்து தானே எடுத்துக்கொண்டு போகலாம். அந்தப் பலகைக் கல் துண்டு துண்டாக உடைந்து பள்ளத்தில் கிடந்தது. அதில் ஒரு துண்டு, எத்தனையோ மூட்டைகள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய துண்டு, அவள் பைக்கென்றே அமைந்ததுபோல் இருந்தது.

"ஒன்னய அளவெடுத்து ஒடச்சிருக்கான் பாரு ஜேசிபிக்காரன்," என்றான் சித்தப்பா மகன் விக்கி.

"பேசாம ஒரு கை புடிடா."

"இத சொமந்துட்டு நீ நடந்தேன்னு வையி, எமயமல பயந்து எறங்கி ஓடிரும்."

கல் ஆடாமல் இருக்க, அக்கா வேணியின் பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து அதற்குச் சுற்றிக் கட்டினாள். ஆடவில்லை. நேற்றுவரை ஆடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நடந்தது ஒரு பெரிய விஷயமே இல்லை. வேணியை வரதராஜன்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதலில் தரித்தது தங்காமல் போனது. இரண்டாவதாக வந்ததை எட்டு மாதம்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றி, வளைகாப்புப் போட்டுப் பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டி வந்திருந்தார்கள். குளித்துவிட்டு வந்த வேணி, மேல்மூச்சு வாங்க, கட்டிலோரம் வந்து நின்றாள். கட்டில்மேல் நிமிர்ந்து நின்ற பை அவள் இடுப்புயரத்துக்கு இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, வயிற்றை அதன்மேல் வைத்தாள்.

"அப்பாடா! இந்தச் சொமைய எங்கயாச்சும் செத்த நேரம் எறக்கி வச்சா தேவல போலருக்குடி."

"அதுமேலயே வையேன்," என்றாள் செல்வி, கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல். "நான் தூக்கிக்கிறேன்."

வேணி சிரித்தாள். "வச்சிட்டேன் போ."

அவ்வளவுதான்.

ஊரைத் தாண்டினால் மலைக்குப் போகும் ரோடு. இரண்டு பக்கமும் சோளத்தட்டை பனியில் நனைந்து கறுத்து நின்றது. வெங்காயத்தைச் சேர்த்துவைக்கும் பட்டறைகளிலிருந்து வழக்கமாக மூக்கைத் துளைக்கிற கார வாடை வந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு மோட்டார் தண்ணீரை இழுத்து இழுத்து இருமிக்கொண்டிருந்தது. தினமும் கேட்டுப் பழகிய சத்தங்கள்தான். அவற்றுக்கு நடுவே, தன் மூச்சோடு சேராத இன்னொரு மூச்சு இருப்பதாகச் செல்விக்குத் தோன்றியது. அவள் ஒரு மூச்சு இழுப்பதற்குள் அது சின்னச் சின்னதாகப் பலமுறை இழுத்தது. நின்றால் அதுவும் அடங்கியது. நடந்தால் வந்தது. வெங்காய வாடைக்கு ஊடே இன்னொரு வாடையும் இப்போது தெரிந்தது. பச்சை உடம்பு வாடை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாத, இன்னும் ஈரம் காயாத ஒரு வாடை.

எதிரே டி.வி.எஸ். வண்டியில் பால் கேன்கள் மோதிக்கொள்ள அங்கமுத்து வந்தார். ஊருக்கெல்லாம் பால் ஊற்றுகிறவர். முகப்பு வெளிச்சம் அவள்மேல் விழுந்து, பக்கவாட்டில் வழிந்து போனது. வண்டியின் வேகம் குறைந்தது.

"யாரும்மா அது, ராசாங்கம் மவளா?"

"ஆமாங்க."

"ஏம்மா, இந்தப் பனியில பச்சப் புள்ளைய முதுவுல போட்டுட்டு வருவாங்களா? தலைய மூடு. நெஞ்சுல சளி கட்டிக்கும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் வண்டி போய்விட்டது. சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் பனிக்குள் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

செல்வி நின்றாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோகவும் தைரியமில்லை. தோள்பட்டையில் வார் அழுந்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, இடது பக்கமாக, முதுகில் ஏதோ ஒன்று. உருண்டையாக. சின்னதாக. அழுத்தியது. எடுத்தது. திரும்ப அழுத்தியது.

குதிகால்.

வீடுவரைக்கும் ஓடினாள்.

வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. பையைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தால், வேணி முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவள் தரையில் உட்காரவே இல்லை.

"ராத்திரி செம தூக்கம்மா," என்றாள் வேணி. "திரும்பித் திரும்பிப் படுத்தேன். ஒடம்பு பஞ்சாட்டம் இருக்கு."

"கண்ணு வைக்காதடி ஒனக்கு நீயே," என்றாள் அம்மா ஜெயசித்ரா. "புள்ள ஒதைக்குதா?"

"தூங்குது போலருக்கு."

டீயை ஆற்றிச் செல்வியின் கையில் கொடுத்துக்கொண்டே அம்மா பேச்சை மாற்றினாள். "வளைவுல இருந்த சுமதாங்கிய ஒடச்சிப் போட்டானுவளாம். பாவம், யாருக்கு வச்சதோ."

"யாருக்கும்மா வைப்பாங்க? மூட்டை தூக்குறவங்களுக்குத்தான்," என்றாள் செல்வி.

"மூட்டை தூக்குறவங்களுக்காக யாருடி கல்லு நடுவா? வயித்துப் புள்ளையோட செத்துப் போனாள்னா, அவ பேருல நடுவாங்க. எறக்கி வைக்காத சொமையோட போயிட்டாள்ல. வழியில போறவங்க தன் சொமைய அதுமேல வச்சி எளப்பாறுனா, அவ சொமையும் எறங்கும்னு ஒரு நம்பிக்க." அம்மா வேணியைப் பார்த்தாள். "நீ அந்தப் பக்கம் காலு வச்சிராத."

டீயின் மேல் ஆடை படர்ந்தது. செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. பகல் முழுக்க அவள் அக்காவை விட்டு நகரவில்லை. வேணி வாசல் கூட்டினாள். கொடியில் துணி போட்டாள். ஏதோ பாட்டை முனகிக்கொண்டு பின்னலைப் போட்டுக்கொண்டாள். காலையில் கட்டிய சேலை மத்தியானம் இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. கொசுவத்தை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டாள், தனக்கே தெரியாமல். தூக்கம் வருவதுபோல் செல்வி அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். எப்போதும் அப்படிப் படுத்தால் காதில் ஒரு உதை விழும். "சித்திய ஒதைக்காதடா" என்று வேணி திட்டுவாள். இன்றைக்குக் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் கன்னம் சில்லிட்டது. சேலைக்குள் இருந்த அந்த வயிறு, ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த கல்லைப்போல் இழுத்துப் பிடித்தது.

அக்காவிடம் சொல்லலாம். எப்படிச் சொல்வது? உன் பிள்ளை உள்ளே இல்லை, கட்டிலில் இருக்கிறது என்றா?

கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. பொழுது சாய்கிற நேரம் பையை மாட்டிக்கொண்டு வளைவுக்கு நடந்தாள். இப்போது கனம் நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் அது நசுக்குகிற கனமாக இல்லை. நம்பிக்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிற கனம். அவள் நடையின் ஆட்டத்துக்கு அது தூங்கிப்போயிருந்தது. தன்னையறியாமல் நடையை மெதுவாக்கினாள்.

வளைவில் சுமைதாங்கி நின்ற இடமே இல்லை. பள்ளத்தை மூடி, மேலே தார் போட்டு, ரோடு பளபளவென்று கிடந்தது. மிச்சமிருந்த கல் துண்டுகள் அடியில் போயிருக்க வேண்டும். தார் வாடை. தூரத்தில் மலை கறுத்துக்கொண்டு வந்தது. தோளுயரத்துக்கு ஒரு கட்டையோ கல்லோ எதுவும் இல்லை. ரோட்டோரப் புல்லில் பையை வைத்தாள். வைத்த கையை எடுக்க முடியவில்லை. எடுத்தாள். திரும்பி நடந்தாள்.

பின்னால் முனகல்.

நடந்தாள்.

வீறிட்டது.

கைப்பேசி அடித்தது. "செல்வி, எங்கடி இருக்க? அக்கா துடிக்கிறாடி! கீழ வுழுந்து துடிக்கிறா! ரத்தம்..." அம்மாவின் குரலுக்குப் பின்னால் வேணியின் அலறல். இந்தக் காதில் அக்கா. அந்தக் காதில் அது. இரண்டும் ஒரே தொண்டை.

ஓடிப்போய்ப் பையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். ரோட்டோரம் நின்று ஆட்டினாள். "இல்லடா, இல்லடா, எங்கயும் போவல..."

அழுகை நின்றது. கைப்பேசியிலும்.

"இரு... இப்ப நின்னுருச்சி," என்றாள் அம்மா, மூச்சு வாங்க. "எந்திரிச்சி ஒக்காந்துட்டா. நீ சீக்கிரம் வா. டவுனுக்குப் போயிருவோம்."

வீட்டுக்கு வருவதற்குள் செல்விக்கு ஒன்று விளங்கியிருந்தது. சுமைதாங்கியில் வைத்தவர்தான் எடுக்க வேண்டும். ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு. அக்கா வைத்தாள். அக்காதான் எடுக்க வேண்டும், தன் கையால்.

வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா உள்ளே துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வேணி வெளுத்துப்போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வி முதுகுப்பையைக் கழற்றி மதில்மேல், அவள் தோளுயரத்தில் வைத்தாள்.

"அக்கா, இத எடுத்து மாட்டிக்க."

"என்னது?"

"ஒரே ஒரு தடவக்கா. நான் தூக்கி வுடக்கூடாது. நீயா எடுக்கணும். ஒன் கால்ல வுழுவுறேன்."

வேணி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, கையை நீட்டினாள். ஒரு வாரைப் பிடித்தாள். பிடித்த நொடியில் அவள் சேலை முன்பக்கம் மெதுவாகப் புடைத்தது. இன்னொரு கை இரண்டாவது வாருக்குப் போனது.

பளாரென்று செல்வியின் கன்னத்தில் விழுந்தது.

"எட்டு மாசப் புள்ளத்தாச்சிய கனம் தூக்கச் சொல்றியாடி? அறிவிருக்கா? ரத்தம் பட்டுருக்கு, கல்ல தூக்கச் சொல்றா பாரு!" அம்மா வேணியின் கையைப் பிடித்து வாரிலிருந்து பிரித்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். "கனமே தூக்கக் கூடாதுன்னு தரையில நடக்க வுடாம வச்சிருக்கேன் நானு!"

"அம்மா, வுடும்மா! அவ எடுக்கட்டும்மா!"

"ஏறுடி ஆட்டோல!"

வேணி பின்னால் நகர்ந்தாள். அவள் சேலை மறுபடி தட்டையாகிக்கொண்டிருந்தது. "வேணாம்டி செல்வி," என்றாள், மெதுவாக, அம்மாவுக்குக் கேட்காமல். "இப்பத்தான் ஒடம்பு செத்த லேசா இருக்கு."

மதில்மேல் பை சரிந்தது. விழ விட முடியுமா? செல்வி முதுகைக் கொடுத்தாள்.

பெரம்பலூர் டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த ஸ்கேன் இடம். டெட்டால் வாடை. நீளமான இரும்பு பெஞ்சு. குழல்விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வேணியையும் அம்மாவையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

"பைய ஓரமா வச்சிட்டு ஒக்காரும்மா," என்றாள் நர்ஸ்.

"இருக்கட்டுங்க்கா."

"வையி. இங்க யாரும் ஒன் பைய எடுத்துட்டுப் போவ மாட்டாங்க."

"தெரியுங்க்கா."

நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே மெஷினின் இரைச்சல். காற்று மைக்கில் பட்டதுபோல் கரகரவென்று. கரகரப்பு இடம் மாறியது. மேலே. கீழே. பக்கத்தில்.

"கொஞ்சம் திரும்பிப் படும்மா," என்றார் டாக்டரம்மா.

கரகரப்பு.

"காலையில அசைவு இருந்துச்சா?"

கரகரப்பு. அப்புறம் அதையும் அணைத்துவிட்டார்கள்.

செல்வியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. டக்டக் டக்டக் டக்டக். மழைக்கு முன்னால் ஓடுகிற ஆட்டுக்குட்டிபோல அவ்வளவு வேகமாக, அவ்வளவு நன்றாக. இங்கே இருக்கிறது. இங்கேதான் இருக்கிறது. கதவை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

உள்ளே அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

அந்தச் சத்தத்தில் அது விழித்துக்கொண்டது. முதலில் சிணுங்கியது. அப்புறம் அழுதது. பசி அழுகை. செல்வி ஆட்டினாள். முன்னால் ஒரு அடி. பின்னால் ஒரு அடி. இருட்டிய ஜன்னல் கண்ணாடியில் தன் உருவம் ஆடுவதைப் பார்த்தாள். கல்லின் நிறத்தில் ஒரு சின்னக் கை பைவாயிலிருந்து மேலேறி வந்து, அவள் பின்னலைத் தேடிப் பிடித்து, விரல்களை மூடிக்கொண்டது.

ஸ்கேன் அறையின் கதவு திறந்தது. வேணி வாசலில் நின்றாள். யாரும் பிடித்துக்கொள்ளாமல், நிமிர்ந்து, கல்யாணத்துக்கு முந்தைய வேணியைப் போல. அழவில்லை. காதைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஜாக்கெட்டின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் ஊறிப் பரவியது, பரவிப் பெரிதாகியது, சேலைவரை சொட்டியது.

"யாரு பெத்த புள்ளையோ அழுவுது பாரு," என்றாள் வேணி, செல்வியைத் தாண்டி, காலி வராந்தாவைப் பார்த்து. "தூக்குங்களேன் யாராச்சும்."